போயிட்டு வாங்க

மூன்றாவது நாளும் அந்தப் படுக்கையில் யாரோ படுத்து எழுந்த பள்ளம் இருந்தது.

சிஸ்டர் மகளின் அறை வாசலில் நின்று அதைப் பார்த்தாள். இருபத்திரண்டு வருஷமாக ஆஸ்பத்திரியில் படுக்கை விரிக்கிறவள் அவள். விரிப்பின் நான்கு மூலையையும் முக்கோணமாக மடித்து மெத்தைக்கு அடியில் செருகிவிட்டாளானால் அதை உருவ இரண்டு கை வேண்டும். நேற்று நைட் ட்யூட்டிக்குக் கிளம்புமுன் அப்படித்தான் செருகியிருந்தாள். செருகல் கலையவில்லை. நடுவில் மட்டும் ஓர் ஆள் நீளத்துக்குப் பள்ளம், தலையணையில் ஒரு குழி. கதவு பூட்டியது பூட்டியபடி. சாவி அவள் பையில்.

"சரிதான். வீட்டுக்கு வந்து ஒரு வாரம் ஆகலை, அதுக்குள்ள விருந்தாளி" என்று சத்தமாகச் சொன்னாள். சத்தமாகச் சொன்னால் பயம் கொஞ்சம் விலகி நிற்கும் என்பது அவள் அனுபவம். விரிப்பை உருவி உதறி மறுபடி விரித்தாள்.

அவளை எல்லோரும் சிஸ்டர் என்றே கூப்பிட்டார்கள், பக்கத்து வீட்டார், பால்காரர், வீட்டை விற்றுக் கொடுத்த புரோக்கர் உட்பட. இரண்டாம் மாடி, இரண்டு படுக்கையறை. நகரத்தின் பழைய பகுதி. நூறு வருஷக் கருங்கல் முகப்பையும் வளைவையும் அப்படியே விட்டுவிட்டு, உள்ளே மட்டும் இடித்துப் புதிதாகக் கட்டியிருந்தார்கள். தெருப் பக்கம் பார்த்த பெரிய அறை அவளுக்கு. பூங்காவைப் பார்த்த சின்ன அறை மகளுக்கு. ஜன்னலைத் திறந்தால் மரக்கிளை கைக்கு எட்டும். இலை நிழல் எதிர்ச்சுவரில் நாள் முழுக்க ஆடிக்கொண்டிருக்கும். எட்டு வயது வாலுவுக்கு அதைவிட என்ன வேண்டும்?

வாலு அடுத்த ஞாயிற்றுக்கிழமை வருகிறாள். பள்ளிக்கூடப் பரீட்சை முடியும்வரை மாமா வீட்டில் இருக்கிறாள். கணவன் கைகழுவிவிட்டுப் போன பிறகு சிஸ்டரும் நாலு வருஷம் அந்த வீட்டில்தான் இருந்தாள். ஹாலில் படுக்கை. எல்லோரும் டிவியை அணைத்த பிறகுதான் அம்மாவும் மகளும் தூங்க முடியும். தம்பி நல்லவன். தம்பி மனைவியும் கெட்டவள் இல்லை. ஆனால் அடுத்தவர் வீட்டில் தண்ணீர் குடிக்கும்போதுகூட டம்ளரைச் சத்தமில்லாமல் வைக்கப் பழகிவிட்ட குழந்தையைப் பார்க்கிற தாய்க்குத்தான் தெரியும் அது என்ன வலி என்று. இந்த வீட்டில் வாலு டம்ளரை உடைக்கட்டும். சிஸ்டருக்கு அது போதும்.

ஆகவே பள்ளமாவது மேடாவது.

நாலாம் நாள் வாசனை வந்தது. நைட் ட்யூட்டி முடித்து, தூங்கி, மதியம் இரண்டு மணிக்கு எழுந்து காபி போடப் போனவள் நடையிலேயே நின்றாள். பினாயில். அவள் வீட்டுக்குப் பினாயில் வாங்குவதே இல்லை. வேலை செய்யும் இடத்து வாசனை வீட்டுக்குள் வரக் கூடாது என்பதற்காக தரை துடைக்க எலுமிச்சை வாசனை போட்டதாகப் பார்த்து வாங்கி வைத்திருந்தாள். இதுவோ இப்போதைய பினாயில்கூட இல்லை. தார் கலந்த மாதிரி தொண்டையைப் பிடிக்கும் பழைய காட்டமான மருந்து நெடி. அதற்கு அடியில், நாள் கணக்காகக் காய்ச்சலில் வேர்த்து வேர்த்து உலர்ந்த உடம்பின் புளித்த இனிப்பு. எத்தனையோ தலைமாட்டில் அந்த வாசனையோடு அவள் நின்றிருக்கிறாள். அது வாலுவின் அறையிலிருந்து வந்தது.

கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தாள். ஒரு ஜோடி துணிச் செருப்பு. சாம்பல் நிறம், பாதம் தேய்ந்து நூல் பிரிந்தது. இரண்டின் மூக்கிலும் கறுப்பு மையில் ஓர் எண்: ஏழு.

கையுறை மாட்டிக்கொண்டு எடுத்து, பையில் சுற்றி, கீழே குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தாள். மறுநாள் அதே இடத்தில் அது இருந்தது, குதிகால் சேர்த்து, ஒழுங்காக.

அன்று அவள் செய்ததை வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள். பையிலிருந்து தெர்மாமீட்டரை எடுத்தாள். படுக்கைப் பள்ளத்தில், அக்குள் இருக்க வேண்டிய இடத்தில் வைத்தாள். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஐந்து நிமிஷம் நின்றாள். எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

நூற்று நாலு.

அதை உதறி, கழுவி, உறையில் போட்டாள்.

தம்பி போன் செய்தான். "என்னக்கா, குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"தூக்கம் சரியில்லடா."

"அதான் சொன்னேன். தனியா எதுக்குக்கா கஷ்டப்படணும்? வாலுவும் இங்க பழகிட்டா. பேசாம வீட்டைப் பூட்டிட்டு..."

"ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு அவளைக் கூட்டிட்டு வந்துடு" என்றாள். "லேட் பண்ணாதே."

போனை வைத்ததும் சத்தம் ஆரம்பித்தது. டிங். டிங். டிங். இரும்பில் இரும்பு படுகிற சத்தம், மூன்று மூன்றாக. மணி வசதி இல்லாத வார்டில் நோயாளிகள் அப்படித்தான் கூப்பிடுவார்கள், கட்டில் கம்பியில் ஸ்பூனால் தட்டி. வெளியே பூங்காவில் பிள்ளைகள் கத்தி விளையாடிக்கொண்டிருந்தார்கள். யாரோ நாயை அதட்டினார்கள். நல்ல வெயில். வாலுவின் கட்டில் மரக்கட்டில். அதில் ஒரு ஆணிகூட வெளியே தெரியாது.

டிங். டிங். டிங்.

கீழே போய் அந்த அறையைப் பற்றிக் கேட்டதற்கு வாட்ச்மேன் பேச்சை மாற்றப் பார்த்தார். சிஸ்டர் விடவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்துவிட்டாள்.

"முன்னாடி இருந்தவங்க அந்த ரூமைப் பூட்டியேதான் வெச்சிருந்தாங்க சிஸ்டர். அதுக்கு முன்னாடி இருந்தவங்களும் அப்படித்தான். நீங்க நர்ஸ், தைரியசாலின்னு புரோக்கர் சொன்னாரு."

"அவரை அப்புறம் கவனிச்சுக்கறேன். இங்க என்ன இருந்துச்சு?"

"காய்ச்சல் ஆஸ்பத்திரி. பெரிய காய்ச்சல் ஒண்ணு வந்தப்போ ஒரே வாரத்துல மூடிட்டாங்களாம். டாக்டர், நர்ஸ் எல்லாம் கிளம்பிட்டாங்க. உங்க மாடி வார்டுல மட்டும் இருபது பேர், எழுந்திருக்க முடியாதவங்க. யாரும் அவங்களுக்கு டிஸ்சார்ஜ் சீட்டுக் கொடுக்கலை." அவர் பூங்காப் பக்கம் தாடையை நீட்டினார். "அங்கதான் புதைச்சாங்களாம். பார்க்கெல்லாம் அதுக்கப்புறம் வந்ததுதான்."

சிஸ்டருக்கு முதலில் வந்தது பயம் இல்லை, கோபம். விட்டுவிட்டுப் போன அந்த நர்ஸுகள்மீது. எழுந்திருக்க முடியாத இருபது பேரை வைத்துக்கொண்டு எப்படிக் கதவைச் சாத்த மனசு வந்தது? அப்புறம்தான் பயம் வந்தது. அதைக் கோபத்துக்கு அடியிலேயே போட்டு அழுத்திவிட்டாள்.

சனிக்கிழமை மதியம் நாலு மணிக்கு நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தாள். இரவல் வீட்டுக்குத் திரும்பிப் போகிற பேச்சே இல்லை. அறையைப் பூட்டி வைக்கிற பேச்சும் இல்லை. ஒரு கை பார்த்துவிடுவது. பேயை ஓட்ட அவளுக்குத் தெரியாது. நோயாளியை அனுப்பத் தெரியும்.

படுக்கை எண் 7, என்று எழுதினாள். டிஸ்சார்ஜ். தேதி. கையெழுத்து.

நோயாளியை அனுப்புவதில் ஒரு விஷயம் உண்டு. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், வீட்டுக்குக் கிளம்பிய ஒரு பெரியவரிடம் சிரித்த முகமாகப் "போயிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டாள். ஹெட் சிஸ்டர் முழங்கையில் நறுக்கென்று கிள்ளினார். "ஏண்டி, மறுபடியும் படுக்கணுமா அவரு? ஆஸ்பத்திரியில அப்படிச் சொல்லுவாங்களா?" அன்றிலிருந்து "நல்லா இருங்க" மட்டும்தான். நாக்கு அதற்கே பழகி, தம்பி வீட்டுக்கு வந்தவர்களையும் "நல்லா இருங்க" என்று வழியனுப்பி, இனிமேல் வராதே என்று சொன்ன மாதிரி இருக்கிறது என்று தம்பி மனைவியிடம் பேச்சு வாங்கியதும் உண்டு. சொந்த வாசல் இருந்தால் வாய் தானாக மாறும் என்று அப்போது நினைத்துக்கொண்டாள்.

யூனிஃபார்மை மாட்டிக்கொண்டாள். வாசல் கதவை அகலத் திறந்து நாற்காலியை முட்டுக் கொடுத்தாள். வாலுவின் அறைக்குள் போய்க் கட்டிலின் கால்மாட்டில் நின்றாள்.

ஜன்னல் வழியே வெயில் சாய்வாக விழுந்திருந்தது. அந்த வெயிலில் பறக்கிற தூசு கட்டிலுக்கு மேலே மட்டும் பறக்கவில்லை, எதையோ சுற்றிக்கொண்டு போகிற மாதிரி இரண்டு பக்கமும் ஒதுங்கி ஒதுங்கிப் போனது. இலை நிழல் சுவரில் ஆடியது. தலையணைப் பக்கம் அதுவும் நின்றது. மருந்து நெடி கண்ணை எரித்தது. மூச்சு ஒன்று கேட்டது. சளி கட்டிய மூச்சு. இழுத்து, நின்று, இழுத்து.

"ஏழாம் நம்பர்" என்றாள். குரல் வார்டுக் குரலாகவே வந்தது. "உங்களுக்கு டிஸ்சார்ஜ். சீட்டு எழுதியாச்சு. இனிமே இது வார்டு இல்லை, என் பொண்ணோட ரூம். எழுந்திருங்க."

மூச்சு நின்றது.

"ரொம்ப நாள் காக்க வெச்சுட்டாங்க. தப்புதான். எழுந்திருங்க."

பள்ளம் அசைந்தது. தலையணைக் குழி மெல்ல மேலே வந்தது. மெத்தையின் ஓரம் அழுந்தியது, ஒருவர் உட்கார்ந்து காலைத் தொங்கப் போட்ட மாதிரி. கட்டிலுக்கு அடியில் துணி உரசியது. ஒரு கால். இன்னொரு கால்.

சரக். சரக்.

அவள் நகரவில்லை. அவளைத் தாண்டிப் போனது. அடுப்படிச் சூடு முகத்தில் அடித்து விலகியது. நடை. ஹால். சரக். சரக். அவள் பின்னாலேயே போனாள், விழுந்துவிடுவாரோ என்று பழக்கத்தில் ஒரு கையை நீட்டிக்கொண்டு.

வாசலில் நின்றது.

நிற்கிறது.

போகவில்லை.

சூடு அங்கேயே நின்றது. கிளம்புகிறவர் ஒரு வார்த்தைக்காக நிற்பாரே, அப்படி. சிஸ்டரின் மனசு முழுக்க ஒரே நினைப்புதான்: இது என் வீடு, இது என் வாசல், இதைத் தாண்டினால் போதும். வாய் திறந்தது.

"போயிட்டு வாங்க."

சரக், சரக், படியில் இறங்கிப் போனது.

மாடியில் வெறும் காற்று. அவள் கதவுப் பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த முதல் வாரத்துக்குப் பிறகு இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூடத் தவறாத நாக்கு. தானே தன் முழங்கையைக் கிள்ளிக்கொண்டாள், வலிக்க வலிக்க. பிறகு நாற்காலியை எடுத்துக் கதவைச் சாத்தினாள். "வந்தா வரட்டும். இன்னொரு சீட்டு எழுதத் தாள் இல்லையா என்ன?" என்று வெற்று ஹாலைப் பார்த்துச் சொன்னாள்.

கட்டிலுக்கு அடியில் செருப்பு இல்லை. எலுமிச்சை வாசனை திரும்பியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பத்தரைக்குத் தம்பி வாலுவைக் கொண்டுவந்து விட்டான். குறை கண்டுபிடிக்க வீடு முழுக்கச் சுற்றி, கடைசியில் சுவரைத் தட்டிப் பார்த்து, "சுவர் கெட்டியாத்தான் இருக்கு" என்று ஒப்புக்கொண்டான். வாலு கட்டிலில் ஏறிக் குதித்தாள். மரக்கிளையைப் பிடித்து இழுத்தாள். சாயங்காலத்துக்குள் ஒரு டம்ளரை உடைத்துவிட்டு அம்மா முகத்தையே பார்த்தாள். சிஸ்டர் கண்ணாடிச் சில்லைப் பெருக்கிக்கொண்டே சிரித்தாள், சிரிப்பு அழுகை வரைக்கும் போயிற்று. "இன்னும் அஞ்சு இருக்கு, பார்த்து உடை" என்றாள்.

நாலு நாள் ஒன்றும் இல்லை. ட்யூட்டியைப் பகலுக்கு மாற்றிக்கொண்டாள். விரிப்பில் வாலு உருண்ட பள்ளம் மட்டும்தான்.

வியாழக்கிழமை சாயங்காலம் பிரெட் தீர்ந்துவிட்டது. பூங்கா முனைக் கடைக்குப் போய்வரப் பத்து நிமிஷம்.

"யாரு மணி அடிச்சாலும் திறக்காதே."

"மாமா வந்தா?"

"மாமாவா இருந்தாலும் அம்மா வரட்டும்."

"நீ வரச் சொன்னவங்களா இருந்தா?"

"நான் யாரையும் வரச் சொல்லலை" என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.

திரும்பியபோது விளக்குப் போடுகிற நேரம். பூங்காவில் பிள்ளைகள் யாரும் இல்லை. புல் ஓரிடத்தில் மட்டும் மிதிபட்டு, கம்பிக் கதவு வரைக்கும் பாதை போட்டிருந்தது. வாட்ச்மேன் ரேடியோவைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"வீட்டுல விசேஷமா சிஸ்டர்? இப்பதான் மாடியில ஒரே செருப்புச் சத்தம். ஆளுங்களைத்தான் நான் பார்க்கலை."

பிரெட் பொட்டலம் கையிலிருந்து நழுவியது.

முதல் மாடி திரும்பியதும் படியில் ஒரு ஜோடி துணிச் செருப்பு. சாம்பல் நிறம். குதிகால் சேர்த்து. மூக்கில் எண் இருபது.

அடுத்த படி. பத்தொன்பது.

பதினெட்டு. பதினேழு. ஈரம். புல் ஒட்டிய ஈரம். ஓடினாள். பதினாறு. பதினைந்து. ஒவ்வொரு படியிலும். ஒவ்வொரு ஜோடியும் மேலே பார்த்து. பத்து. ஒன்பது. பினாயில். ஏழு, அவளுக்குத் தெரிந்த பிரிந்த நூல். நாலு. மூன்று. இரண்டு. கதவுக்கு முன்னால் ஒன்று.

அதற்குப் பக்கத்தில் வாலுவின் நீல ரப்பர் செருப்பு. மூக்கில் கறுப்பு மை. இன்னும் காயவில்லை.

இருபத்தொன்று.

கதவு திறந்திருந்தது. சிஸ்டர் தன் செருப்பைக் கழற்றவில்லை. முதல் தடவையாகத் தன் வீட்டுக்குள் செருப்போடு நுழைந்தாள்.

ஹாலுக்கும் வாலுவின் அறைக்கும் நடுவில் இருந்த கெட்டிச் சுவரைக் காணோம். ஒரே நீளம். பூங்காப் பக்கம் ஜன்னல், ஜன்னல், ஜன்னல். இரண்டு வரிசை இரும்புக் கட்டில். இருபது கட்டிலிலும் கழுத்துவரை போர்த்திய விரிப்பு, நான்கு மூலையும் முக்கோணமாகச் செருகியது. இருபது ஸ்பூனும் ஒன்றாகத் தட்டின. டிங். டிங். டிங். அவளைக் கண்டதும் நின்றன.

முகங்களைப் பார்த்தால் நிற்க முடியாது என்று அவளுக்குத் தெரியும். எண்களை மட்டும் பார்த்தாள்.

"ஒண்ணு. டிஸ்சார்ஜ். போங்க."

வெறும் 'போங்க'. வாழ்நாளில் யாரையும் அப்படிச் சொல்லி அனுப்பியதில்லை. நாக்கு கூசியது. சொன்னாள். பள்ளம் எழுந்தது. சூடு அவளைத் தாண்டியது.

"ரெண்டு. போங்க. மூணு. போங்க."

ஏழாவது கட்டிலில் விரிப்பு அசைந்தது. வறண்ட குரல். "நீங்கதானே வரச் சொன்னீங்க சிஸ்டர்."

"வாய் தவறிச் சொன்னேன். உங்க ஒருத்தரைத்தான் சொன்னேன்."

"வாங்கன்னு சொன்னீங்க. எல்லாரையும்னு நெனச்சேன்."

மரியாதைக்குச் சொன்ன 'வாங்க'. அவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"தப்பு என்னோடதுதான். போங்க."

எட்டு. பதினொன்று. பதினாறு. படியில் சரக், சரக். குரல் கரகரத்தது. விடவில்லை. பத்தொன்பது. இருபது. போங்க. போங்க.

அவள் பின்னால் கட்டில்கள் இல்லை. சுவர் இருந்தது, கெட்டியாக. சோபா இருந்தது. மேஜைமேல் வாலு பாதி வரைந்த படம் இருந்தது.

சின்ன அறையில் மட்டும் இரும்புக் கட்டில்.

வாலு படுத்திருந்தாள். கழுத்துவரை விரிப்பு. நெற்றி முடி வேர்வையில் ஒட்டியிருந்தது. கையில் ஒரு ஸ்பூன்.

டிங். டிங். டிங்.

"வாலு. அம்மாடி."

குழந்தை திரும்பிப் பார்த்தாள். வார்டில் புதிதாக வந்த யாரையோ பார்க்கிற பார்வை.

"சிஸ்டர்" என்றாள். "எல்லாரும் போயிட்டாங்க. எனக்கு எப்ப சொல்லுவீங்க?"

சிஸ்டர் நெற்றியில் கை வைத்தாள். தெர்மாமீட்டர் தேவைப்படவில்லை. ஜன்னலுக்கு வெளியே பூங்கா விளக்குகள் எரிந்தன. மரத்தடியில் இருபது பேர் இரண்டு வரிசையாக நின்றிருந்தார்கள். யாரும் கிளம்பவில்லை. எல்லோரும் இந்த ஜன்னலைப் பார்த்து நின்றார்கள். முன்வரிசையின் ஓரத்தில், இடுப்புயரத்துக்கு ஓர் ஆள் நிற்க இடம் விட்டிருந்தார்கள்.

'போ' என்றால் அங்கே போய் நிற்பாள். 'போயிட்டு வா' என்றால் மறுபடியும் எல்லோருடனும் வருவாள். 'நல்லா இரு' என்பதும் அனுப்பி வைக்கிற வார்த்தைதான். அவளுக்குத் தெரிந்த வார்த்தைகள் அவ்வளவே.

நாற்காலியை இழுத்துப் போட்டுக் கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவில் உட்கார்ந்தாள். கொதிக்கிற சின்னக் கையைத் தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"உனக்கு டிஸ்சார்ஜ் கிடையாது" என்றாள், கீழே நிற்கிறவர்களுக்கும் கேட்கும்படியாக. "இது உன் ரூம்."

குழந்தை ஸ்பூனை மறு கைக்கு மாற்றிக்கொண்டு, அம்மாவைப் பார்த்தபடியே, தட்டினாள். டிங். டிங். டிங். கீழே இருபது பேரும் ஓர் அடி முன்னால் வந்தார்கள்.